அப்ரூவல் கையில் இருந்தும் ஏன் பயம்? கட்டுமானத்தின் மீதான அரசுக் கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது ஒரு கட்டடம் சரிந்தால் "அரசாங்கம் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" என்று கேட்கிறோம். நம் வீட்டு வேலை நடக்கும் இடத்துக்கு ஓர் அதிகாரி வந்து நின்றால் "இவருக்கு இங்க என்ன வேலை?" என்றும் கேட்கிறோம். தமிழ்நாட்டில் வீடு கட்டுபவர்கள், பிளாட் வாங்குபவர்கள், பக்கத்து மனையில் கடப்பாரைச் சத்தம் கேட்டுத் தூக்கம் கெட்டவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும்.

தமிழ்நாட்டில் கட்டடங்களை யார்தான் கண்காணிக்கிறார்கள்?

பல பேர். சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). இவை கொடுப்பது திட்ட அனுமதி. அதன் பிறகு மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கட்டட அனுமதி கொடுக்க வேண்டும். சிறிய கட்டடம் என்றால் இரண்டையும் உள்ளாட்சி அமைப்பே பார்த்துவிடும். உயரமான கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. பிளாட் போட்டு விற்பதென்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு. கூலியாட்களின் பாதுகாப்பைப் பார்ப்பது தொழிலாளர் பக்கத்துத் துறைகள்.

இத்தனை பேர் இருப்பதில் ஒரு வசதி, அசம்பாவிதம் நடந்தால் "அது எங்க வேலை இல்லை" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம்.

அப்ரூவல் வாங்கிய கட்டடம் என்றால் உறுதியானது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

திட்ட அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் முக்கியமாகப் பார்க்கப்படுவது சாலை அகலம், மனையின் அளவு, நான்கு பக்கமும் விட்ட இடைவெளி (செட்பேக்), எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு), உயரம், கார் நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்பு. எல்லாமே அளவு நாடாவால் சரிபார்க்கக்கூடியவை. தூணுக்குள் எத்தனை கம்பி போகிறது, கான்கிரீட்டில் எவ்வளவு தண்ணீர் கலக்கிறார்கள், கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகைகளை எத்தனை நாளில் பிரிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நாடாவுக்கு எட்டாது. ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டுப் போட்டுக் காட்டுவது போலத்தான் இதுவும்: எட்டுப் போட்டவர் நெடுஞ்சாலையில் எப்படி ஓட்டுவார் என்பது வேறு கதை.

கட்டடம் நிற்குமா விழுமா என்பது முடிவாகும் இடம் வேறு. ஒரு தளம் கான்கிரீட் போடும் நாளைப் பாருங்கள். ரெடிமிக்ஸ் லாரி போக்குவரத்து நெரிசலில் மாட்டித் தாமதமாக வருகிறது. கலவை இறுகத் தொடங்கிவிட்டது. பம்ப் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து மேலே இருந்து ஒருவர் "தண்ணி விடுண்ணே" என்று குரல் கொடுக்கிறார். ஓட்டுநர் லாரியின் குழாயைத் திறந்துவிடுகிறார். கலவை குழைவாக இறங்குகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அந்தத் தண்ணீரோடு கான்கிரீட்டின் வலிமையில் ஒரு பங்கு கரைந்துபோகிறது. அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்கள் மேஸ்திரி, கம்பி கட்டுகிறவர், வைப்ரேட்டர் பிடிக்கிற பையன், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சைட் இன்ஜினியர். அரசு சார்பில் யாரும் இல்லை. இருக்க வேண்டும் என்று பெரும்பாலான கட்டடங்களுக்கு எந்த விதியும் சொல்லவில்லை.

மௌலிவாக்கத்தில் நடந்தது இதனால்தானா?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. போரூருக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள், 27 பேரை உயிரோடு மீட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா, தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். இடி விழுந்தது என்று கட்டியவர் தரப்பு சொன்னது. நீதிபதி ரகுபதி தலைமையில் ஒரு நபர் ஆணையம் போடப்பட்டது.

பொதுமக்களை அதிகம் உலுக்கிய விஷயம் அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது என்பதுதான். அப்படியானால் சிஎம்டிஏ எதைப் பார்த்தது? கட்டமைப்பின் உறுதிக்குக் கட்டுபவரும் அவருடைய பொறியாளரும்தான் பொறுப்பு, நாங்கள் பார்ப்பது வளர்ச்சி விதிகளை, என்பதே அதிகாரிகள் தரப்பின் நிலை. விதிப்புத்தகத்தைத் திறந்தால் அவர்கள் சொன்னது தவறில்லை. முத்திரை குத்திய வரைபடத்தை ஃபிரேம் போட்டு மாட்டாத குறையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பிளாட்காரர்களுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

அதே வளாகத்தில் இருந்த இன்னொரு கோபுரத்தையும் பாதுகாப்பற்றது என்று முடிவு செய்து 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் தரைமட்டம்.

அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?

மாறியது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதுக்கும் ஒரே விதித்தொகுப்பைக் கொண்டுவந்தன. உயரமான கட்டடங்களின் கட்டமைப்பு வடிவமைப்பை பொதுப்பணித் துறையோ, ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற நிறுவனமோ சரிபார்த்துத் தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அடித்தள மட்டத்தில் ஒருமுறை, கடைசித் தளத்தில் ஒருமுறை பார்த்துத் "தொடரலாம்" என்று சொல்லும் முறையும், பணி முடிப்புச் சான்று இல்லாமல் மின்சாரமோ குடிநீரோ கழிவுநீர் இணைப்போ கிடையாது என்ற பிடியும் சேர்ந்தன.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சரிபார்க்கப்படுவது காகிதத்தில் இருக்கும் வடிவமைப்பு. தளத்தில் நடக்கும் இடையாய்வில் பார்ப்பதும் பெரும்பாலும் செட்பேக்கைத்தான். காகிதத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இன்னமும் யாரும் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மக்கள் அதிகக் கண்காணிப்பு வேண்டும் என்கிறார்களா, போதும் என்கிறார்களா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சொந்த மனையில் வீடு கட்டுபவர் "விட்டால் போதும்" என்பார். அடுக்குமாடியில் கடன் போட்டு பிளாட் வாங்கியவர் "ஒவ்வொரு தளத்துக்கும் ஆள் வரணும்" என்பார். இருவரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். ஊரில் அப்பா மனையில் பக்கத்துச் சுவரை ஒட்டி மாடிப்படி வைத்தவர்தான், சென்னையில் தன் பிளாட்டின் பில்டர் இரண்டு அடி செட்பேக்கைத் தின்றுவிட்டார் என்று புகார் கொடுப்பவர்.

இதைக் கபடம் என்று ஒதுக்க மாட்டேன். தனி வீட்டில் கட்டுபவரும் குடியிருப்பவரும் ஒரே குடும்பம். மோசமாகக் கட்டினால் அனுபவிப்பதும் அவரே. பிளாட்டில் கட்டுபவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், வாங்கியவர் முப்பது வருடம் குடியிருப்பார். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. அரசின் கண் அதிகம் தேவைப்படுவது அங்கேதான், ஜனங்கள் சொல்வதும் ஏறக்குறைய அதையேதான்.

"ஆய்வுக்கு வந்தால் காசுக்குத்தான் வருவாங்க. இன்னும் அதிக ஆய்வு என்றால் இன்னும் அதிகக் காசுதானே?"

இந்தக் கேள்வியில் இருக்கும் கசப்பு பொய்யில்லை. கட்டட அனுமதிக்கு லஞ்சம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறை ஆட்களைப் பிடிக்கும் செய்தி வராத மாதம் குறைவு. "மேலே பார்க்க வேண்டியவங்களைப் பார்த்துட்டேன்" என்ற வாக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் லஞ்சத்துக்கு இடம் கொடுப்பது ஆய்வின் எண்ணிக்கை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆய்வாளர் வந்ததும் தெரியாது, என்ன பார்த்தார் என்பதும் தெரியாது, என்ன எழுதினார் என்று கேட்டால் கோப்பில் இருக்கிறது என்பார்கள். தேதி, புகைப்படம், கையெழுத்தோடு ஆய்வுக் குறிப்பை அன்றைக்கே இணையத்தில் போட்டால் பேரத்துக்கு இடம் சுருங்கும். விண்ணப்பம் ஏற்கெனவே ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகத்தான் போகிறது, அனுமதிக் கடிதத்தில் கியூஆர் குறியீடும் வருகிறது. ஆய்வுக் குறிப்பை மட்டும் ஏன் இன்னும் பீரோவில் வைக்க வேண்டும்?

சுயசான்றுத் திட்டம் வந்துவிட்டதே, அரசு கைகழுவுகிறதா?

2024 ஜூலை 22 அன்று தொடங்கிய திட்டம் இது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுபவர் தானே சான்றளித்து விண்ணப்பித்தால் உடனடியாக அனுமதி. கூர்ந்தாய்வுக் கட்டணம் இல்லை, பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை.

நடுத்தரக் குடும்பங்கள் இதை வரவேற்றன. பல மாதம் அலைந்தவர்களுக்கு அது புரியும். சில பொறியாளர்களும் நகரமைப்பில் அக்கறை உள்ளவர்களும் "யாரும் பார்க்காமல் விட்டால் செட்பேக் என்ற ஒன்றே இருக்காது" என்று கவலைப்பட்டார்கள். என்னைக் கேட்டால் திட்டம் சரி. இரண்டு மாடி வீட்டின் தரத்தை இதுவரை காத்ததும் கெடுத்ததும் மேஸ்திரிதான், அதிகாரி இல்லை. சின்ன வீடுகளிலிருந்து விடுபட்ட அலுவலர்கள் பெரிய கட்டடங்களின் பக்கம் திரும்பினார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதோடு, பத்துக்கு ஒன்றையாவது திடீரென்று போய்ப் பார்க்கும் வழக்கமும் வேண்டும்.

2024-இல் இன்னொரு தளர்வும் வந்தது: 8 வீடுகள், 750 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்புகளுக்குப் பணி முடிப்புச் சான்று தேவையில்லை என்றார்கள். இதில் எனக்கு உடன்பாடு குறைவு. எட்டு வீடு என்பது பெரும்பாலும் விற்பதற்காகக் கட்டுவது. கட்டியவர் போய்விடுவார்.

ரெராவுக்குப் பல் இருக்கிறதா?

சட்டத்தில் இருக்கிறது. 2016-இல் நிறைவேறி 2017 மே முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடப் போடக்கூடாது என்கிறது. வாங்குபவர்களிடம் பெற்ற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சாவி கொடுத்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டு ரெராவின் எல்லைக்குள் அந்தமான் நிக்கோபாரும் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

குறை வேறு இடத்தில். ஆணையம் "வட்டியோடு திருப்பிக் கொடு" என்று உத்தரவு போடும். பில்டர் கொடுக்கவில்லை என்றால் அது வருவாய் வசூல் நடவடிக்கையாக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போகும். அங்கே அது நூறு கோப்புகளில் ஒன்று. "ஜெயிச்சுட்டேன் சார், ஆனா பணம் வரல" என்பதுதான் ரெராவைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் வாசகம். மேலும் ரெரா பார்ப்பது பணத்தையும் காலத்தையும் வாக்குறுதியையும். கான்கிரீட்டைச் சோதிக்கும் ஆய்வகம் அதனிடம் இல்லை.

விதிமீறிக் கட்டியவர்களுக்கு அபராதம் போட்டு வரன்முறை செய்கிறார்கள். ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியா?

ஜனங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயம் இது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் இப்படி வரன்முறை செய்ய 113-ஏ பிரிவு சேர்ந்தது, ஒரு முறை மட்டும் என்று சொல்லி. அப்புறம் நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. பிறகு 113-சி, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு. மனைப்பிரிவுகளிலும் அதே கதைதான். அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட, 2017-இல் அந்த மனைகளுக்கு ஒரு வரன்முறைத் திட்டம் வந்தது.

ஒரு நியாயமும் உண்டு. வாங்கி ஏமாந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது எல்லாவற்றையும் இடிக்க முடியாது. ஆனால் "கட்டிடு, பின்னாடி பார்த்துக்கலாம்" என்ற தைரியத்தைக் கொடுத்ததும் இந்தத் திட்டங்கள்தான். சீல் வைக்க நோட்டீஸ் வந்தால் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்துவிட்டு வருடக்கணக்கில் கடை நடத்துவதை தி.நகர் பார்த்துக்கொண்டே இருந்தது. 2017 மே 31 அன்று அங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்து எரிந்து, மிச்சத்தை இடிக்க வேண்டி வந்தபோதுதான் விதிமீறிய மாடிகளின் கணக்கு ஊர்ப்பேச்சானது.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு கொஞ்சம் கறாரானது: பணி முடிப்புச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்பு, அதன் பிறகே வங்கிக் கடன், விதிமீறலுக்குத் துணைபோன அலுவலர் மீது துறை நடவடிக்கை. கடைசியாகச் சொன்னது மட்டும் நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தனியாரைப் பிடிக்கிறீர்கள், அரசே கட்டுவதை யார் பார்ப்பது?

சுருக்கென்று தைக்கிற கேள்வி. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், குடிசை மாற்று வாரியம் கட்டிய புத்தம் புதுக் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. குடிவந்த பெண்கள் விரலால் சுரண்டிக் காட்டிய காட்சி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. அரசு ஐஐடி குழுவை வரவழைத்தது, பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய கட்டடம் 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைக் கவனித்து முன்கூட்டியே வெளியேறியதால் ஒருவரும் சாகவில்லை. எச்சரித்ததும் அங்கே வசித்தவர்கள்தான்.

கட்டுவதும் அரசு, அளந்து பில் போடுவதும் அரசு, தரம் சரி என்று கையெழுத்திடுவதும் அரசு என்றால் யார் யாரைக் கேட்பது? வெளியாள் ஒருவர் சோதித்து, அறிக்கையைக் குடியிருக்கப் போகிறவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. புளியந்தோப்பில் அது விபரீதம் தெரிந்த பிறகு நடந்தது.

தொழிலாளர் பாதுகாப்பு பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

செத்தால் பேசுகிறோம், இரண்டு நாள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் இறந்தார்கள், வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இங்கே வாக்கும் இல்லை, உறவும் இல்லை. அதனால் கேள்வியும் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலேயே அமைத்த மாநிலம் இது. கட்டடச் செலவில் 1 சதவீதம் நல வரியாக அனுமதியின்போதே பிடிக்கப்படுகிறது. பணம் ஒழுங்காக வசூலாகிறது, சாரத்தின் முட்டுக்கட்டையை ஆட்டிப் பார்க்கத்தான் ஆள் வருவதில்லை.

பக்கத்து மனையில் விதிமீறிக் கட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் அனுமதி எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தளத்தில் பலகை இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு புகார். உள்ளாட்சி அலுவலகத்துக்கும், சென்னைப் பகுதி என்றால் சிஎம்டிஏவின் அமலாக்கப் பிரிவுக்கும், எழுத்தில், புகைப்படத்தோடு கொடுங்கள். ஒப்புதல் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். பிறகு பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி அனுமதி வரைபட நகலும், உங்கள் புகார் மீது எடுத்த நடவடிக்கையும் கேளுங்கள். அஸ்திவாரத்திலேயே கேட்டால் வேலை நிற்க வாய்ப்பு உண்டு. மூன்றாவது தளம் ஏறிய பிறகு கேட்டால் கோர்ட்டுதான்.

கண்காணிப்பைக் கூட்டினால் வீட்டு விலை ஏறாதா?

காலதாமதம் விலையை ஏற்றும். சோதனை ஏற்றாது. கோப்பு ஆறு மாதம் மேசையில் கிடந்தால் பில்டரின் வட்டி உங்கள் சதுர அடி விலையில் வந்து உட்காரும். மண் பரிசோதனை, கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் கியூப் சோதனை எல்லாம் சேர்த்தாலும் மாடுலர் கிச்சனுக்குச் செலவழிப்பதில் ஒரு துணுக்கு.

அந்தக் கியூப் சோதனை ரிப்போர்ட்டை வாங்குபவர் கேட்டால் பில்டர் தருவாரா?

நல்ல பில்டர் தருவார். கான்கிரீட் போடும்போதே எடுத்த கலவையை 15 செ.மீ. கன அச்சுகளில் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து, 28-ஆம் நாள் எந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பளு தாங்கியது என்று எழுதுவார்கள். பல பெரிய தளங்களில் 7-ஆம் நாளும் ஒன்றைச் சோதிப்பது வழக்கம். அனுமதி வரைபடத்தையும் பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுப் பெறும் உரிமையை ரெரா சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. கியூப் ரிப்போர்ட் பற்றி அது தனியாக எதுவும் சொல்லவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே "ஒவ்வொரு தளத்தின் கியூப் ரிப்போர்ட்டும், கட்டமைப்புப் பொறியாளரின் பெயரும் பதிவு எண்ணும் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கஷ்டம். அப்படியும் சிரித்து மழுப்பினால் முன்பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.